யாருடைய சொல் சட்டம்? தஸ்லிம் எலியாஸும் ஆப்பிரிக்கச் சட்டப் புலமையின் உருவாக்கமும்

1861 ஆகஸ்ட் 6 அன்று லாகோஸ் அரசர் டோசுன்மு ஓர் ஒப்பந்தத்துக்கு இசைந்தார். கடலோரத்தில் ‘ப்ரொமீதியஸ்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் பீரங்கிகளோடு நின்றிருந்தது. இசையாவிட்டால் ஊர் என்னவாகும் என்பது அவருக்கு முன்பே உணர்த்தப்பட்டிருந்தது. துறைமுகமும் தீவும் பிரிட்டிஷ் அரசிக்குச் சொந்தமாயின. அரசருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 1,200 மூட்டைச் சோழி என்று மதிப்பிடப்பட்ட ஓய்வூதியம்.

108 ஆண்டுகள் கழித்து, 1969 மே மாதம், ஒப்பந்தங்களின் சட்டம் பற்றிய உடன்படிக்கை வியன்னாவில் நிறைவேறியது. படைபலத்தைக் காட்டி மிரட்டிப் பெற்ற ஒப்பந்தம் செல்லாது என்கிறது அதன் 52ஆம் உறுப்பு. அந்த மாநாட்டில் எல்லா நாடுகளும் அமர்ந்து ஒவ்வோர் உறுப்பாக விவாதித்த முழுமைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் லாகோஸில் பிறந்த தஸ்லிம் ஒலவாலே எலியாஸ். இதைக் காலம் செய்த கைம்மாறு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொன்னால் எலியாஸின் உழைப்பு மறைந்துபோகும். நிலச் சட்டம், வழக்காறு, அரசியல் சாசனம், ஒப்பந்தச் சட்டம் என்று வெவ்வேறு திசைகளில் கிடக்கும் அவருடைய நூல்களைச் சேர்த்துப் படித்தால் அவற்றில் ஒரே வழக்கு நடப்பது தெரியும். ஆப்பிரிக்கரிடம் சட்டம் இருந்தது. சட்டம் உடையவர் கொடுத்த சொல்லுக்கும் அவரிடமிருந்து பறித்த சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை உலகம் கணக்கில் கொள்ள வேண்டும். இதுவே அவர் வாழ்நாள் முழுதும் வாதாடிய வழக்கு.

எதிர்த்தரப்பு வலுவானது. தெற்கு ரொடீசிய நில வழக்கில் 1918இல், காலனிகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு படிநிலையை வகுத்தது. சில குடிகள் சமூக அமைப்பில் மிகத் தாழ்ந்தவை. அவற்றின் பழக்கங்களை நாகரிகச் சமுதாயத்தின் உரிமைக் கருத்துகளோடு பொருத்திப் பார்க்கவே இயலாது என்றது. வழக்காறு ஏற்கப்பட்ட இடங்களிலும் அதற்கு ஒரு சல்லடை இருந்தது. இயற்கை நீதிக்கும் நியாயத்துக்கும் நல்ல மனச்சான்றுக்கும் முரணான வழக்காறு செல்லாது. இந்தச் சொற்றொடரின் மூலம் நம் பக்கத்தில் இருக்கிறது. 1781இல் வங்காளத்தில் எலிஜா இம்பே வகுத்த விதிகளில் ‘நீதி, நியாயம், நல்ல மனச்சான்று’ என்று புகுந்த அளவுகோல், பேரரசின் கப்பல்களோடு மேற்கு ஆப்பிரிக்காவையும் போய்ச் சேர்ந்தது. மனச்சான்று யாருடையது என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. ஆங்கிலேய நீதிபதியின் மனச்சான்றே அளவுகோல் ஆனது.

ஆனால் லாகோஸ் தன் எதிர்வாதத்தை எலியாஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்பாப்பா பகுதி நிலத்தை அரசு கையகப்படுத்தியபோது, லாகோஸின் பரம்பரை நிலத் தலைவர்களான வெண்தொப்பித் தலைவர்களில் ஒருவரான ஒலுவா, அதாவது அமோடு திஜானி, முழு இழப்பீடு கேட்டார். தலைவருக்கு இருப்பது வெறும் மேற்பார்வை உரிமை, அதற்குரிய தொகையே கிடைக்கும் என்றன கீழ் நீதிமன்றங்கள். வழக்கு லண்டனுக்குப் போனது. நைஜீரியத் தேசியத்தின் முன்னோடி ஹெர்பர்ட் மெக்காலே ஒலுவாவோடு கப்பல் ஏறினார். 1921இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பை மாற்றியது. ஆங்கிலச் சொத்துரிமைக் கருத்துகளைப் பழக்கதோஷத்தால் அங்கே ஏற்றிப் பார்க்கக் கூடாது. நிலம் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியது. 1861 ஒப்பந்தத்தால் அந்த உரிமை அழியவில்லை. இழப்பீடு முழுமையாகத் தரப்பட வேண்டும் என்பது அதன் சாரம். டோசுன்மு தம் ஆட்சியை இழந்திருக்கலாம், ஊரார் தங்கள் நிலத்தை இழக்கவில்லை. அந்தத் தீர்ப்பு வந்தபோது எலியாஸ் ஆறு வயதுச் சிறுவன்.

1914 நவம்பர் 11இல் யோருபா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர் கிறித்தவ மிஷன் இலக்கணப் பள்ளியிலும் இக்போபி கல்லூரியிலும் படித்தார். பின்னர் அரசுத் தணிக்கைத் துறையில் உதவியாளர் வேலை. 1935இல் நைஜீரிய ரயில்வேயின் தலைமைக் கணக்கர் அலுவலகத்தில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். அக்காலத்தில் நைஜீரியாவில் சட்டம் படிக்கக் கல்லூரி கிடையாது. கப்பலேற வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே வழக்கறிஞர் ஆனார்கள். எலியாஸ் பகலில் ரயில்வே கணக்கெழுதி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக இடைநிலைத் தேர்வுகளைத் தேறினார். முப்பதை நெருங்கும் வயதில், போர் முடியாத 1944இல், பிரிட்டன் சென்றார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது: 1946இல் சட்ட இளநிலைப் பட்டம், 1947இல் முதுநிலைப் பட்டமும் இன்னர் டெம்பிளின் வழக்கறிஞர் தகுதியும், 1949இல் லண்டனில் முனைவர் பட்டம்.

1951இல் வந்த ‘நைஜீரிய நிலச் சட்டமும் வழக்காறும்’ என்ற அவருடைய நூல் ஒலுவா வழக்கு நின்ற இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் வாசிப்பு. நிலம் ‘பொதுவில்’ இருந்தது என்று காலனி அதிகாரிகள் எழுதுவது வழக்கம். கேட்பதற்குப் பெருந்தன்மையான சொல். எல்லோருக்கும் பொது என்றால் ஒருவருக்கும் உறுதியான உரிமை இல்லை என்றாக்கி அரசு உள்ளே நுழையவும் அந்தச் சொல் வழிவிட்டது. எலியாஸ் அதை ஏற்கவில்லை. குடும்பம் ஒரு கூட்டுச் சட்ட ஆள். அதனுள் தலைவரின் கடமை, உறுப்பினரின் பங்கு, வெளியாருக்குக் கொடுக்கும் முறை எல்லாம் வரையறுக்கப்பட்டவை என்று காட்டினார். ஒற்றைச் சொல்லைத் திருத்துவது சிறு வேலைபோலத் தெரியும். நிலத்தை அளக்க அதிகாரி வந்து நிற்கும்போது அந்தச் சொல்தான் வழக்கின் முடிவு.

அதே 1951இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நல்கை பெற்று, சட்டமும் சமூக மானிடவியலும் சேர்ந்த துறையில் பணியாற்றினார். மேக்ஸ் குளுக்மேன் அங்கே மானிடவியல் பேராசிரியர். பரோட்சே மக்களின் நீதிமன்றங்களைப் பற்றிய தம் நூலை அவர் 1955இல் வெளியிட்டார். எலியாஸின் ‘ஆப்பிரிக்க வழக்காற்றுச் சட்டத்தின் இயல்பு’ மான்செஸ்டர் பதிப்பகத்திலிருந்து 1956இல் வந்தது. இறையாளரின் கட்டளையே சட்டம் என்ற ஜான் ஆஸ்டினின் இலக்கணத்தை அளவுகோலாக்கினால், ஆப்பிரிக்காவில் மட்டுமல்ல, இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலும் பெரும்பகுதி சட்டமல்லாமல் போகும் என்பது அதன் வாதப் போக்கு. குற்றத்துக்கும் தனியார் வழக்குக்கும் ஆப்பிரிக்கர் வேறுபாடு அறியார் என்ற கூற்றையும் அவர் மறுத்தார். உறவைச் சீர்செய்யும் நோக்கம் தீர்ப்பில் ஓங்கியிருப்பதால் விதி இல்லை என்றாகாது.

இந்நூலின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கண்டத்தின் நூற்றுக்கணக்கான வழக்காறுகளை ஒரே ‘இயல்பு’க்குள் அடக்கும்போது வேறுபாடுகள் மழுங்குகின்றன. ஆப்பிரிக்கச் சட்டமும் உங்கள் சட்டத்தைப் போன்றதே என்று நிறுவும் ஆவலில், ஆங்கிலச் சட்டமே ஒப்பீட்டின் நடுவில் அமர்ந்துவிடுகிறது. பின்வந்த தலைமுறை இதைக் கடுமையாகவே எடுத்துரைத்தது. கென்யரான ஜேம்ஸ் கதீ எலியாஸின் அணுகுமுறையைப் பங்களிப்புவாதம் என்று வகைப்படுத்தினார். உலகச் சட்டத்துக்கு ஆப்பிரிக்காவும் பங்களித்தது என்று காட்டும் அந்த நோக்கு, அச்சட்டமே காலனியத்துக்குத் துணைநின்றதைப் போதிய அளவு விசாரிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். என்றாலும் 1956இல் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அடிமைப்பட்டிருந்தது. சட்டமே இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் முதலில் நிறுவ வேண்டியது எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாண்டே அவர் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்தார். அங்கே ஆப்பிரிக்கவியல் துறை உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுகூடிய பாண்டுங் மாநாடு முடிந்து ஓராண்டே ஆகியிருந்த வேளை அது.

1958இல் லண்டனில் நடந்த நைஜீரிய அரசியல் சாசன மாநாட்டில் எலியாஸ் சட்ட ஆலோசகர். 1960இல் நாட்டின் அட்டர்னி ஜெனரலும் நீதி அமைச்சரும் ஆனார். வழக்கறிஞர்களை உள்நாட்டிலேயே பயிற்றுவிக்கும் சட்டம் 1962இல் வந்து, லாகோஸில் நைஜீரியச் சட்டப் பள்ளி தொடங்கியது அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான். ரயில்வே அலுவலகத்தில் அமர்ந்து வெளிவாரியாகப் படித்தவரின் வாழ்க்கையில் இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி வேறு இருக்க முடியாது என்று எனக்குப் படுகிறது. 1963இல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் சாசனம் உருவாவதிலும் அவர் பங்கெடுத்தார். மறு ஆண்டு கெய்ரோவில் அவ்வமைப்பு, விடுதலை பெற்றபோது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தீர்மானித்தது. காலனியக் கோடுகளை ஏற்ற அந்தத் தீர்மானம் இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் வரும்.

1966 ஜனவரி ராணுவப் புரட்சி அவர் பதவியைப் பறித்தது. அவ்வாண்டே லாகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியரும் புலத் தலைவரும் ஆனார். ஆண்டு முடியுமுன் அட்டர்னி ஜெனரல் பொறுப்பு மீண்டும் வந்தது, இம்முறை ராணுவ ஆட்சியின் கீழ். அவர் வரலாற்றில் எழுதக் கடினமான பகுதி இதுதான். 1970 ஏப்ரலில் லகான்மி வழக்கில், தலைமை நீதிபதி அடெமோலாவின் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட சிலரின் சொத்தைப் பறித்த ராணுவ ஆணையொன்றைச் செல்லாது என்றது. ராணுவம் 1963ஆம் ஆண்டுச் சாசனத்துக்குள்தான் ஆள்கிறது என்பது நீதிபதிகளின் அடிப்படை. மே 9இல் அரசு 28ஆம் ஆணையை வெளியிட்டது. 1966இல் நடந்தது புரட்சி, பழைய சட்ட ஒழுங்கு முறிந்துவிட்டது, ராணுவ ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அது அறிவித்தது. அப்போது அட்டர்னி ஜெனரல் எலியாஸ். ஊர்ப் பெரியவரின் தீர்ப்பும் சட்டமே என்று நூல் எழுதியவர், நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஓர் ஆணை துடைத்தெறிந்த வேளையில் அந்த அரசின் தலைமைச் சட்ட அலுவலராக இருந்தார். அவர்மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனாலும் இந்த இடத்தை மென்மையாகக் கடந்துபோவது ஆய்வுக்கு அழகல்ல.

உலக மேடையில் நடந்தது வேறு. 1961இல் ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணையத்துக்குத் தேர்வாகி 1975 வரை உறுப்பினராக இருந்தார். 1970இல் அதன் தலைவர். இடையில் 1966இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் ஆப்பிரிக்காவைத் திகைக்க வைத்தது. தென்மேற்கு ஆப்பிரிக்கா குறித்து எத்தியோப்பியாவும் லைபீரியாவும் ஆறாண்டு நடத்திய வழக்கில் வாக்குகள் 7க்கு 7 எனப் பிரிய, தலைவரின் முடிவு வாக்கால், அவ்விரு நாடுகளுக்கும் அங்கே கேட்கும் உரிமையே இல்லை என்றாகிவிட்டது. விடுதலை பெற்ற நாடுகள் அந்த நீதிமன்றத்தின்மீது நம்பிக்கை இழந்தன.

வியன்னா மாநாடு 1968இல் கூடியது அந்த மனக்கசப்போடுதான். மிரட்டல் என்றால் படை மிரட்டல் மட்டுமா, பொருளாதார, அரசியல் நெருக்குதலும் அதில் அடங்குமா என்பது கடும் விவாதம். அடங்கும் என்று ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் 19 சேர்ந்து திருத்தம் கொண்டுவந்தன. மேற்கு நாடுகள் எதிர்த்தன. கடைசியில் அந்த நெருக்குதலைக் கண்டிக்கும் தனிப் பிரகடனமாக அது சுருங்கியது. அதைவிடப் பெரிய சிக்கல் 1969 மே மாதக் கடைசி நாட்களில் எழுந்தது. ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு நாடு சொன்னால் தீர்ப்பது யார்? நீதிமன்றத்துக்குக் கட்டாயம் போகவேண்டும் என்றது மேற்கு. 1966ஐ மறக்காதவர்கள் எப்படி இசைவார்கள்? எலியாஸ் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் சிலவற்றோடு சேர்ந்து ஓர் இணைப்புத் தீர்வை முன்வைத்தார். எந்நாடும் மீறக் கூடாத கட்டாய நெறிகள் பற்றிய தகராறு மட்டும் ஹேக் நீதிமன்றத்துக்கோ நடுவர் மன்றத்துக்கோ போகும். மற்றவற்றுக்குச் சமரசக் குழு. கூடவே, எல்லா நாடுகளும் சேர வழி திறக்கும் ஒரு பிரகடனம். 61 ஆதரவு, 20 எதிர்ப்பு, 26 நடுநிலை என்று அது தேறியது. மறுநாள் உடன்படிக்கை முழுதும் 79 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தது பிரான்ஸ் மட்டும். 19 நாடுகள் ஒதுங்கி நின்றன.

1971இல் நமீபியா, அதாவது அதே தென்மேற்கு ஆப்பிரிக்கா, குறித்த கருத்துரை விசாரணையில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் சார்பில் ஹேக்கில் வாதாடியவரும் எலியாஸ்தான். தென்னாப்பிரிக்கா அங்கே தங்கியிருப்பது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் கூறியது. 1972இல் நைஜீரியத் தலைமை நீதிபதியானார். 1975 ஜூலைப் புரட்சி அந்தப் பதவியையும் பறித்தது. சில மாதங்களிலேயே ஐக்கிய நாடுகள் சபை அவரை ஹேக் நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. 1981இல் ஹம்ப்ரி வால்டாக் இறந்தபின் துணைத் தலைவர் என்ற முறையில் பொறுப்பேற்று, 1982இல் தலைவராகவே தேர்வானார். அப்பதவிக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர் அவர். அமெரிக்காவுக்கு எதிராக நிகராகுவா தொடுத்த வழக்கில் 1984 மே மாத இடைக்கால உத்தரவும், விசாரிக்க அதிகாரம் உண்டு என்ற நவம்பர் தீர்ப்பும் அவர் தலைமையில் வந்தவை. 1985இல் தலைமையை இந்தியரான நாகேந்திர சிங்கிடம் ஒப்படைத்தார்.

டோசுன்முவின் ஒப்பந்தத்துக்கு இதெல்லாம் என்ன செய்தது? நேராக எதுவும் இல்லை. வியன்னா உடன்படிக்கை முன்காலத்துக்குச் செல்லாது என்று அதன் 4ஆம் உறுப்பே சொல்லிவிடுகிறது. இந்த முட்டுக்கட்டையை எலியாஸ் அறிந்திருந்தார். 1980இல் காலமிடைச் சட்டம் என்ற கோட்பாட்டைப் பற்றி அவர் ஓர் ஆய்வுரை எழுதினார். 1928இல் பால்மஸ் தீவு வழக்கில் நடுவர் மேக்ஸ் ஹியூபர் அக்கோட்பாட்டுக்கு இரண்டு விதிகளைச் சொன்னார். ஒரு செயலை அது நிகழ்ந்த காலத்துச் சட்டத்தால் அளக்க வேண்டும் என்பது முதலாவது. ஓர் உரிமை பிறந்தது செல்லும் என்றாலும், அது நிலைப்பது மாறிவரும் சட்டத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதல் விதி பேரரசுகளைக் காப்பாற்றுவது. இரண்டாவதில் அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு சிறு வாசல் உண்டு.

எலியாஸ் 1991 ஆகஸ்ட் 14இல் நீதிபதியாக இருக்கும்போதே லாகோஸில் காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் நைஜீரியரான போலா அஜிபோலா. சில ஆண்டுகளில் பக்காசி தீபகற்பம் யாருக்கு என்ற வழக்கைக் கேமரூன் ஹேக்கில் தொடுத்தது. பழைய கலபார் அரசர்களும் தலைவர்களும் 1884 செப்டம்பரில் பிரிட்டனோடு செய்தது பாதுகாப்பு ஒப்பந்தம்தான், மண்ணைக் கொடுத்த ஒப்பந்தமல்ல. ஆகவே 1913இல் அந்த மண்ணை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்கப் பிரிட்டனுக்கு உரிமை இல்லை என்று வாதாடியது நைஜீரியா. ஒருவகையில் எலியாஸின் பழைய வழக்கேதான். எதிரே கெய்ரோத் தீர்மானத்தின் எல்லைக் கொள்கை நின்றது, அதுவும் அவர் தலைமுறை உண்டாக்கியது. 2002 அக்டோபர் 10இல், 13க்கு 3 என்ற வாக்கில், பக்காசி கேமரூனுக்கு என்று தீர்ப்பாயிற்று. கலபார் தலைவர்களின் ஒப்பந்தத்தை மதிப்பிட நீதிமன்றம் எடுத்தாண்டது அதே ஹியூபரின் தீர்ப்பிலிருந்து வேறொரு பகுதி: உள்ளூர்த் தலைவரோடு செய்வது சமமானவர்களுக்கு இடையிலான ஒப்பந்தமல்ல, காலனியின் உள்நிர்வாக ஏற்பாடே. மறுத்து வாக்களித்த மூவரில் ஒருவர், அவ்வழக்குக்கென நைஜீரியா நியமித்த சிறப்பு நீதிபதி, அஜிபோலா.