கட்டடம் யாருடையது, மலை யாருடையது

ஆஸ்திரேலியாவில் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு பார்வையாளர் மையங்கள் திறக்கப்பட்டன. இரண்டையும் வரைந்தவர் மெல்பர்னைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கிரெகரி பர்ஜெஸ். முதலாவது, விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் மலைத்தொடரில், ஹால்ஸ் கேப் என்ற சிற்றூரில் 1990இல் திறந்த பிராம்பக். இரண்டாவது, நாட்டின் நட்டநடுவே செம்மணல் பாலையில், உலூரு பாறையருகே 1995இல் திறந்த பண்பாட்டு மையம். இரண்டும் பழங்குடி மக்களுக்காக, அவர்களோடு உட்கார்ந்து பேசி உருவாக்கியவை. பிராம்பக் திறந்த ஆண்டே ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் சர் செல்மன் கோவன் விருதைப் பெற்றது. பர்ஜெஸுக்கு 2004இல் கழகத்தின் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

பாராட்டெல்லாம் பெரும்பாலும் கூரையின் வளைவைப் பற்றியும், மரத்தையும் மண்ணையும் கையாண்ட விதத்தைப் பற்றியும்தான். அது நியாயமான பாராட்டு. ஆனால் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது என் கவனம் நிலப் பத்திரம், குத்தகை, நுழைவுச்சீட்டு என்ற மூன்றின் பக்கமே போகிறது. ஊர்மக்களுக்குச் சொந்தமாக ஒரு மையம் கட்டத் திட்டமிடுகிறவர்கள் இவற்றைக் கட்டட வேலை முடிந்தபின் வக்கீல் பார்த்துக்கொள்ளும் விஷயமாக ஒதுக்கிவிடுகிறார்கள். இவைதான் முதல் வரைபடம் என்பது என் கட்சி. ஒரே கலைஞர், ஒரே அக்கறை, ஒரே காலம்; இருந்தும் இரண்டு மையங்களின் வாழ்க்கை வேறுவேறாகப் போனதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

கிராம்பியன்ஸ் என்பது 1836இல் அவ்வழியே வந்த நில அளவையாளர் தாமஸ் மிட்செல் ஸ்காட்லாந்து மலைகளை நினைத்து வைத்த பெயர். ஜார்ட்வாட்ஜலி, ஜாப் வுரோங் மக்களுக்கு அது காரிவெர்ட். விக்டோரியாவில் இதுவரை தெரிந்த பாறை ஓவிய இடங்களில் பெரும்பாலானவை இந்த மலைகளில்தான் உள்ளன. 1984இல் இது தேசியப் பூங்கா ஆனது. மலை இரண்டு இனத்தாருடையது என்றாலும், பிராம்பக்கை நிறுவியவை மேற்கு விக்டோரியாவின் ஐந்து பழங்குடிச் சமூகங்கள். தெற்கே கடற்கரை வரை பரவியவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்தைப் பறிகொடுத்து, லேக் காண்டா, ஃபிராம்லிங்கம் போன்ற குடியிருப்புகளுக்குள் ஒடுக்கப்பட்டவர்களின் வழிவந்தோர். யார் மலைக்காரர், யார் கரைக்காரர் என்று கோடு கிழிக்க முடியாதபடி அந்த வரலாறு அவர்களைக் கலைத்துப் போட்டிருந்தது.

பர்ஜெஸின் முன்னிருந்த சிக்கல் இதுதான். ஐந்து வீட்டாருக்கு ஒரு கூரை. அதில் எவரும் விருந்தாளியாகிவிடக் கூடாது. அவர் கண்ட விடை அழகானது. காவி நிறத்தில் அலையலையாக எழுந்து இறங்கும் தகட்டுக் கூரை, பின்னால் தெரியும் மலைமுகடுகளின் வரிசையோடு சேர்ந்துவிடுகிறது. இறக்கை விரித்த காக்கட்டூப் பறவையாகவும் தெரிகிறது. உள்ளே நடுவில் கல்லாலான கணப்பு. அதைச் சுற்றி மாடிக்கு வளைந்து ஏறும் சரிவுப் பாதை ஒரு விலாங்கு மீன். எரிமலைப் பாறைகளுக்கிடையே வாய்க்கால் வெட்டி, கல்லடுக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விலாங்கு வளர்த்தவர்கள் அந்த ஐவரில் ஒருவரான குண்டிஜ்மாரா மக்கள். அந்தப் புட்ஜ் பிம் நிலப்பரப்பை யுனெஸ்கோ 2019இல்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு 29 ஆண்டுகள் முன்பே விலாங்கு பிராம்பக்கின் மாடிப் பாதையாகிவிட்டது. திரையரங்கின் கூரையடி ஒரு திமிங்கிலம், அது கடற்கரைக்காரர்களுக்கு. வளைந்த இருக்கைகள் மலைக்குகைகள். உள்ளே நுழையும் ஒவ்வொரு சமூகத்தாரும் தங்களுடையதென்று விரல்நீட்டிக் காட்ட ஒன்று இருக்கிறது. கட்டடக்கலையால் செய்யக்கூடிய சமரசத்தில் இதைவிட மேலானது எனக்குத் தெரியவில்லை.

உலூருவில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒரே மக்கள், அனங்கு. ஒரே சட்டம், ஜுகுர்ப்பா. வடிவம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, பாறையிலேயே இருந்தது. தன் சகோதரியின் மகனைக் கொன்ற லிரு என்ற நச்சுப்பாம்பு வீரர்களைப் பழிதீர்க்கக் குனியா என்ற மலைப்பாம்புப் பெண் வந்த கதை, முட்டிஜுலு நீர்ச்சுனையருகே பாறையில் வரிவடுக்களாகப் பதிந்திருக்கிறது. வெளியாருக்குச் சொல்லலாம் என்று அனங்கு பெரியவர்கள் அனுமதித்த கதைகளில் ஒன்று அது. மையத்தின் இரண்டு கட்டடங்களும் அந்த இரண்டு பாம்புகள். மக்கள் மணலில் விரலால் வரைந்து காட்ட, வடிவம் அங்கிருந்து வளர்ந்தது. சுவர்கள் அங்கேயே அறுத்து உலர்த்திய பச்சை மண் கல். கோடையில் 40 பாகையைத் தாண்டும் வெயிலுக்கு அந்தப் பருத்த சுவரும், தாழ்வாரமும், முற்றமுமே முதல் காப்பு. தூண்கள் இழைத்துச் சீராக்காத மரங்கள். கூரை நெளிந்து நெளிந்து போகிறது. நேர்கோடு என்று ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உலூரு மையத்துக்குள் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கேமரா இறங்கியதும் பார்க்கிறவர் கேட்கிறவராகிறார். அங்கே வைத்திருப்பவற்றில் என்னை மிகவும் நிறுத்துவது மன்னிப்புக் கடிதங்களின் ஏடு. பாறையிலிருந்து ஒரு கல்லையோ ஒரு பிடி மண்ணையோ எடுத்துப்போனவர்கள், ஆண்டுகள் கழித்து உலகின் ஏதோ மூலையிலிருந்து அதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். கூடவே ஒரு கடிதம்: வீட்டில் நோய், குடும்பத்தில் கஷ்டம், அல்லது எடுத்திருக்கக் கூடாது என்ற உறுத்தல். ஊழியர்கள் அந்தக் கற்களுக்கு மன்னிப்புக் கற்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எந்தக் கண்காட்சி வடிவமைப்பாளரும் திட்டமிட்டு உண்டாக்கியிருக்க முடியாத பகுதி அது. நிலத்துக்கு உடையவர் இருக்கிறார், திருப்பித் தர முகவரி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் கல்லைத் திருப்பி அனுப்புவார்.

அந்த உடைமை எப்படி வந்தது? 1985 அக்டோபர் 26இல் கவர்னர் ஜெனரல் சர் நினியன் ஸ்டீபன் நிலப் பத்திரத்தை அனங்கு மக்களிடம் ஒப்படைத்தார். அதே விழாவில் அவர்கள் அதை 99 ஆண்டுகளுக்குத் தேசியப் பூங்கா இயக்குநருக்குக் குத்தகைக்குத் திருப்பி எழுதிக் கொடுத்தார்கள். முழு வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். 1983இல் பிரதமர் பாப் ஹாக் அறிவித்த பத்து அம்சங்களில் குத்தகை 50 ஆண்டு என்றும் பாறையில் ஏறுவது தடுக்கப்படும் என்றும் இருந்தது. இரண்டு வாக்கும் காப்பாற்றப்படவில்லை. ஆனாலும் கையில் பத்திரம் இருந்தது. பூங்கா மேலாண்மைக் குழுவின் 12 இடங்களில் 8 அனங்குவுக்கு. நுழைவுக் கட்டணத்தில் 25 சதவீதம் அவர்களுக்கு, அதற்கு மேல் ஆண்டு வாடகை. பத்திரம் கைமாறிய பத்தாம் ஆண்டு நிறைவு நாளில்தான் மையம் திறக்கப்பட்டது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நிலம், பிறகு குழு, பிறகு கட்டணப் பங்கு, அதற்கும் பிறகுதான் கட்டடம்.

காரிவெர்டில் கட்டடம் முதலில் வந்தது. மலை மாநில அரசுடையதாகவே இருந்தது, பூங்காத் துறையே அதை நிர்வகித்தது. அதுமட்டுமல்ல, பிராம்பக் திறந்த அதே காலத்தில் மலைக்குப் பழைய பெயரைத் திருப்பித் தருவதா என்ற சண்டை மாநிலம் முழுக்க நடந்தது. சுற்றுலா அமைச்சர் ஸ்டீவ் கிராப் பெயர்களை மீட்கலாம் என்றார். எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. மையத்தின் வாசலில் நின்று கண்ணால் காணும் மலையை அதன் பெயரால் அழைக்கும் உரிமைகூட அப்போது அரசியல்வாதிகளின் முடிவுக்குக் காத்திருந்தது.

இன்னொரு வேறுபாடு பார்வைக்குச் சின்னது, விளைவில் பெரியது. உலூருவுக்குப் போகிறவர் அனைவரும் ஒரே நுழைவாயில் வழியாக, சீட்டு வாங்கித்தான் போகிறார்கள். மையத்தைப் பார்க்கத் தனிக் காசு இல்லை, சீட்டிலேயே அடக்கம். மையத்திலிருந்து கிளம்பும் லிரு நடைபாதை 2 கிலோமீட்டரில் பாறையடிக்கு, முன்பு ஏறத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் அனங்கு சொல்வதைக் கேட்க ஓர் இடம் வழியிலேயே இருந்தது. காரிவெர்டிலோ பூங்காவுக்குள் போக நுழைவுக் கட்டணம் இல்லை. பல திசைகளிலிருந்து பல சாலைகள். ஹால்ஸ் கேப்பில் காபி குடித்துவிட்டு, பிராம்பக் பக்கமே திரும்பாமல் அருவியையும் முகட்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். பங்கு பிரிக்கச் சீட்டு இல்லாத இடத்தில் மையம் உணவகத்தாலும், கடையாலும், வழிகாட்டிச் சுற்றுலாவாலும், அரசு மானியத்தாலுமே பிழைக்க வேண்டும். மானியம் ஆட்சிக்கு ஆட்சி மாறும். நெளிந்த கூரைக்கும் மர வேலைக்கும் ஆண்டுதோறும் கைவேலை தேவை. ஒரு மையத்தின் பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லாமல் எழுப்பிய கட்டடம், அதை வைத்திருப்பவர்களுக்கு நாளடைவில் சுமையாகிவிடும்.

ஏறுவது பற்றிய கதையில்தான் இந்த ஒப்பீடு முழுமையாகத் தெரிகிறது. 1964இல் உலூருவின் மேற்குச் சரிவில் சங்கிலி அடித்தார்கள். அதைப் பிடித்து 348 மீட்டர் ஏறியவர்களில் குறைந்தது 37 பேர் இறந்துபோனார்கள். தங்கள் நிலத்தில் விருந்தாளி ஒருவர் இறப்பது அனங்கு மக்களுக்குத் தங்கள் வீட்டுத் துக்கம். மையம் திறந்த நாளிலிருந்து அது சொன்னதெல்லாம் ஒன்றுதான்: நாங்கள் ஏறுவதில்லை, நீங்களும் ஏறாதீர்கள், இங்கே உட்கார்ந்து கேளுங்கள். தடையில்லை, வேண்டுகோள்தான். 1990களில் வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஏறினார்கள். 2010களின் நடுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இறங்கிவிட்டது. மேலாண்மைத் திட்டம் குறித்து வைத்திருந்த அளவும் அதுதான்: 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மூடலாம். 2017 நவம்பர் 1இல் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26இல், நிலம் கைக்கு வந்த அதே தேதியில், ஏறுவது நின்றது. சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள். கடைசி மாதங்களில் ஏற வந்த கூட்டம் வரிசை கட்டியது வேதனைதான். ஆனாலும் 24 ஆண்டுகள் பொறுமையாகப் பேசி, எண்ணிக்கை தானாகக் குறைந்தபின் கதவடைத்தார்கள். எனக்குத் தெரிந்த பார்வையாளர் மையங்களில் இவ்வளவு பெரிய வேலையைச் செய்தது வேறில்லை.

அதே 2019இல் காரிவெர்டிலும் பாறையேற்றத்துக்குத் தடை வந்தது. ஓவியங்களும் கல்லாயுதம் செய்த இடங்களும் உள்ள பாறைமுகங்களில் ஏறுகிறவர்கள் கொக்கி அடிக்கிறார்கள், சுண்ணப்பொடி பூசுகிறார்கள் என்பது காரணம். காரணம் சரியானது, தடையும் தேவைதான். ஆனால் பெரும் பரப்பில் பூங்காத் துறையின் ஆணையாக அது வந்து விழுந்தது. பல பத்தாண்டுகளாக அங்கே ஏறிவந்தவர்கள் கொதித்தார்கள், கோபத்தின் ஒரு பங்கு பழங்குடி மக்கள் மீதும் திரும்பியது. குல்குர்ன் மன்ஜா குகையில் குழந்தைகளின் சின்னஞ்சிறு கைத்தடங்கள் காவியில் பதிந்திருக்கின்றன. அவற்றை இரும்புக் கம்பிக்கு இந்தப்புறம் நின்றுதான் பார்க்க முடியும். கம்பி ஓவியத்தைக் காக்கும், ஆனால் யாரையும் கேட்க வைக்காது. ஹால்ஸ் கேப்பில் இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆண்டுகளாக ஓர் அருமையான கட்டடம் இருந்தது. மலையில் என்ன நடக்கலாம் என்று முடிவெடுக்கும் மேசையில் அதற்குப் பெரும்பான்மை இல்லை. சொல்ல இடமிருந்து, முடிவெடுக்க இடமில்லாத மையம் அது.

உலூருவை முன்மாதிரி என்று தூக்கிப் பிடிக்கவும் எனக்குத் தயக்கம் உண்டு. 2007 ஜூனில் மத்திய அரசு வட பிரதேசப் பழங்குடி ஊர்களில் நேரடியாகத் தலையிட்டபோது, முதலில் ஆட்களை அனுப்பிய ஊர்களில் ஒன்று உலூருவின் அடியிலேயே உள்ள முட்டிஜுலு. உலகமே வந்து பாராட்டும் மையத்துக்கும் அதன் சொந்தக்காரர்களின் வீடுகளுக்கும் இடையே அதிகத் தூரம் இல்லை. கட்டணத்தின் கால்பங்கும் கைவினைக் கடை வருமானமும் வீட்டுவசதிக்கோ மருத்துவத்துக்கோ பதிலாகிவிடவில்லை. ஆனால் மையத்தின் கடைகளில் ஒன்றான மருக்கு, அனங்கு கைவினைஞர்களுக்கே சொந்தமானது; மையம் திறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே தொடங்கியது. சுட்ட கம்பியால் கோலம் போட்ட மரப்பாத்திரங்களை அங்கே வாங்குகிற காசு செய்தவர் ஊருக்குப் போகிறது. புதிய மையத்துக்குள் புதிதாகக் கடை திறப்பதைவிட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கூட்டுறவுக்கு உள்ளே இடம் தருவது எவ்வளவு நல்ல யோசனை!

பிராம்பக்கின் கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. 1980களில் மையத்துக்குக் கைகோத்தவை ஐந்து சமூகங்கள். இன்று காரிவெர்டைப் பற்றி அரசு கலந்துபேசுவது பரெஞ்சி காட்ஜின், ஈஸ்டர்ன் மார், குண்டிட்ஜ் மிரிங் என்ற மூன்று பாரம்பரிய உரிமையாளர் அமைப்புகளோடு. 2021இல் வெளிவந்த காரிவெர்ட் மேலாண்மைத் திட்டம் அவர்களோடு சேர்ந்து எழுதியது. ஊர் என்பது யார் என்ற கேள்விக்கு முப்பது ஆண்டில் விடை மாறிவிட்டது. கட்டடமோ பழைய விடையின்படி எழுந்தது. கடந்த சில ஆண்டுகளில் அந்தப் பண்பாட்டுக் கட்டடம் பூட்டிக் கிடந்த காலமும் வந்தது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று யாராவது தொடங்கினால் அது பெரிய இழப்பு. விலாங்குப் பாதையும் திமிங்கிலக் கூரையும் ஐந்து மக்கள் ஒரு கணப்பைச் சுற்றி உட்கார ஒப்புக்கொண்டதன் சாட்சி. கூரைத் தகட்டை மாற்றலாம், மரத்தை மாற்றலாம், கண்காட்சியை முழுக்கப் புதிதாக்கலாம். அதற்கான ஒப்பந்தம் எழுதும்போது மூன்று அமைப்புகளும் முதலில் கேட்க வேண்டியது மலையை ஆளும் குழுவில் பெரும்பான்மை, ஆட்சி மாறினாலும் வெட்ட முடியாத ஆண்டுப் பராமரிப்புத் தொகை, ஓவியக் குகைகளுக்குக் கூட்டிப்போகும் எல்லா வணிகச் சுற்றுலாக்களிலும் ஒரு பங்கு. காரிவெர்டில் வாசல் ஒன்றாக இல்லாததால் சீட்டுப் பங்கு அங்கே வேலை செய்யாது, சுற்றுலா உரிமத்தில் பங்கு வேலை செய்யும். அவை கையெழுத்தான பின் கட்டடக் கலைஞரைக் கூப்பிட நேரம் நிறைய இருக்கிறது.