மாற்று டோனர்

மாற்று டோனர் என்பது, லேசர் அச்சுப்பொறியைத் தயாரித்த நிறுவனம் அல்லாத வேறொரு நிறுவனம், அவ்வச்சுப்பொறிக்குப் பொருந்தும் வகையில் தயாரித்தோ மீள்நிரப்பியோ விற்கும் டோனர் ஆகும். அச்சுப்பொறியைத் தயாரித்த நிறுவனமே தன் பெயரில் விற்பது மூல டோனர் எனப்படும். பேச்சுவழக்கில் இவை முறையே கம்பேட்டிபிள், ஒரிஜினல் என்றும் அழைக்கப்படுகின்றன.

நிற லேசர் அச்சுப்பொறிகளில் மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களுக்கும் தனித்தனி கார்ட்ரிட்ஜ்கள் உள்ளன. மலிவான அச்சுப்பொறிகளில், நான்கு மூல கார்ட்ரிட்ஜ்களையும் ஒருசேர வாங்கும் செலவு சில வேளைகளில் அச்சுப்பொறியின் விலையையே எட்டிவிடும். இதனால் மாற்று டோனரைத் தேர்வதா வேண்டாமா என்னும் வினா, கறுப்பு வெள்ளை அச்சுப்பொறியைவிட நிற அச்சுப்பொறியில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

வரலாறு

டோனரைப் பயன்படுத்தும் உலர் நகலெடுப்பு முறையைக் கண்டறிந்தவர் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் ஆவார். இவர் நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் 1938 அக்டோபர் 22 அன்று இம்முறையில் முதல் படிமத்தை உருவாக்கினார். இதன் அடிப்படையில் அமைந்த செராக்சு 914 நகலெடுப்பி 1959 இல் அறிமுகமானது. செராக்சு நிறுவனத்தில் பணியாற்றிய கேரி ஸ்டார்க்வெதர் 1969 இல் லேசர் கதிரைக் கொண்டு அச்சிடும் முறையில் ஆய்வுகளைத் தொடங்கினார். அதன் விளைவான செராக்சு 9700 என்னும் பெரிய அச்சுப்பொறி 1977 இல் விற்பனைக்கு வந்தது.

பயனரே கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜை கேனான் நிறுவனம் 1982 இல் தன் சிறு நகலெடுப்பிகளில் அறிமுகப்படுத்தியது. கேனானின் பொறியமைப்பைக் கொண்டு 1984 இல் வெளிவந்த எச்பி லேசர்ஜெட் அச்சுப்பொறியும் இவ்வழியையே பின்பற்றியது. தேய்மானத்துக்கு உள்ளாகும் பகுதிகள் பலவும் கார்ட்ரிட்ஜுடன் சேர்ந்தே மாற்றப்பட்டதால் பராமரிப்பு எளிதாயிற்று. மறுபுறம், தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜில் துளையிட்டுப் புதிய தூளை நிரப்பி விற்கும் தொழிலும் உருவாயிற்று. எச்பியின் முதல் நிற லேசர் அச்சுப்பொறி 1994 இல் வெளியானது.

டோனரின் இயல்புகள்

டோனர் வெறும் வண்ணத்தூள் அன்று. அதன் பெரும்பகுதி வெப்பத்தில் இளகும் பிசின் ஆகும். ஸ்டைரீன் அக்ரிலேட், பாலியெஸ்டர் ஆகியவை பரவலாகப் பயன்படும் பிசின்கள். இவற்றுடன் நிறமி, மெழுகு, மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பொருள் ஆகியவை கலக்கப்படுகின்றன. தூள் கட்டிபடாமல் ஓடுவதற்காக, துகள்களின் மேற்பரப்பில் மிக நுண்ணிய சிலிக்கா சேர்க்கப்படுகிறது. இன்றைய டோனர் துகள்களின் விட்டம் பொதுவாக 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்.

அச்சிடும்போது, மின்னேற்றப்பட்ட டிரம் எனும் உருளையின் மீது ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் மாறுகிறது. டோனர் துகள்கள் அவ்விடங்களில் ஒட்டி, பின்னர் தாளுக்கு மாறுகின்றன. இறுதியில் ஃபியூசர் எனும் சூடான உருளை அவற்றை உருக்கித் தாளில் பதிக்கிறது. எனவே ஒரு டோனர் ஓர் அச்சுப்பொறிக்கு ஏற்றதாக இருக்க, நிறம் மட்டும் பொருந்தினால் போதாது. துகளின் அளவு, மின்னேற்றத்தின் தன்மை, இளகும் வெப்பநிலை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

டோனர் இரு வழிகளில் தயாரிக்கப்படுகிறது. பழைய முறையில் பிசினும் நிறமியும் உருக்கிக் கலக்கப்பட்டு, குளிர்ந்தபின் பொடியாக்கப்படுகின்றன. இதனால் துகள்கள் ஒழுங்கற்ற வடிவம் பெறுகின்றன. புதிய முறையில் துகள்கள் நீர்மத்தில் வேதிவினை மூலம் வளர்க்கப்படுகின்றன. இவை ஏறத்தாழ உருண்டையாகவும் ஒரே அளவினதாகவும் அமைகின்றன. வேதிமுறை டோனருக்கென வடிவமைக்கப்பட்ட அச்சுப்பொறியில் பொடிமுறை டோனரை இட்டால், மின்னேற்றமும் ஓட்டமும் மாறுபட்டு அச்சின் தரம் குறையக்கூடும்.

வகைகள்

சந்தையில் மூல டோனர் அல்லாதவை அனைத்தும் ஒரே பெயரில் குறிப்பிடப்பட்டாலும், அவை தம்முள் வேறுபட்டவை.

மீள்நிரப்பியவை: பழைய கார்ட்ரிட்ஜில் தூள் மட்டும் நிரப்பப்படுகிறது. தேய்ந்த டிரம்மும் துடைப்புத் தகடும் அப்படியே இருக்கும். விலை மிகக் குறைவு.

மீளுருவாக்கியவை: பழைய கார்ட்ரிட்ஜ் முழுதாகப் பிரித்துத் தூய்மை செய்யப்பட்டு, தேய்ந்த உறுப்புகள் மாற்றப்பட்டுச் சோதிக்கப்படுகிறது. செருமனியின் டின் 33870 தரம் இவ்வகைக்கென வகுக்கப்பட்டதாகும்.

புதிதாக உருவாக்கியவை: கூடு உட்பட அனைத்தும் வேறொரு நிறுவனத்தால் புதிதாகத் தயாரிக்கப்படுகின்றன.

போலிகள்: மூல நிறுவனத்தின் பெயரையும் பெட்டியையும் நகல் செய்து விற்கப்படுபவை. தன் பெயரிலேயே விற்கப்படும் மாற்று டோனர் சட்டப்படியானது. போலி டோனர் மோசடியாகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தவறு.

தரச் சிக்கல்கள்

நிற அச்சில் ஒரே இடத்தில் பல நிறத் தூள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஆகவே ஒரு நிறத்தில் ஏற்படும் சிறு மாறுபாடும் மற்ற நிறங்களைப் பாதிக்கும். ஒரு நிறத்துக்கு மட்டும் மாற்று டோனரை இட்டு, ஏனையவற்றை மூல டோனராக வைத்திருந்தால், நடுநிலைச் சாம்பலும் தோலின் நிறமும் முதலில் பிறழும். அச்சுப்பொறியின் நிறச் சீரமைப்பு வசதி இதனை ஓரளவே சரிசெய்யும்.

இளகும் வெப்பநிலை கூடுதலாக இருந்தால், தூள் தாளில் சரியாகப் பதியாமல் விரலால் தேய்த்தாலே உதிரும். அது குறைவாக இருந்தால், தூள் ஃபியூசரில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த பகுதிகளில் கறையாகப் படியும். ஒரே கறை தாளில் சம இடைவெளியில் திரும்பத் திரும்பத் தோன்றினால், அவ்விடைவெளி பழுதுற்ற உருளையின் சுற்றளவுக்குச் சமமாக இருக்கும். இடைவெளியை அளந்து, பழுது டிரம்மிலா ஃபியூசரிலா என அறியலாம். டிரம்மும் டோனரும் ஒரே கார்ட்ரிட்ஜில் உள்ள அச்சுப்பொறிகளில், கார்ட்ரிட்ஜை மாற்றினாலே டிரம் பழுது தீர்ந்துவிடும். டிரம் தனியாக உள்ளவற்றில், தரமற்ற டோனரால் ஏற்படும் தேய்மானம் அச்சுப்பொறியிலேயே தங்கிவிடும்.

செலவுக் கணக்கு

கார்ட்ரிட்ஜின் விலையை, அது அச்சிடும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பதே ஒப்பிடத்தக்க செலவாகும். பக்க எண்ணிக்கையை அளப்பதற்கு, கறுப்பு வெள்ளை டோனருக்கு 2004 இல் வெளியான ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 19752 தரமும், நிற டோனருக்கு ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 19798 தரமும் உள்ளன. இத்தரங்களைக் குறிப்பிடாமல் பெட்டியில் அச்சிடப்படும் எண்ணிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது.

எடுத்துக்காட்டாக, மூல கறுப்பு கார்ட்ரிட்ஜ் 2,400 பக்கங்களுக்கு 5,400 ரூபாய் எனவும், ஏனைய நிறங்கள் ஒவ்வொன்றும் 2,000 பக்கங்களுக்கு 6,000 ரூபாய் எனவும் கொள்வோம். ஒரு நிறப் பக்கத்தின் செலவு 2.25 + 3 + 3 + 3 = 11.25 ரூபாய். மாற்று கறுப்பு 2,000 பக்கங்களுக்கு 1,200 ரூபாய், ஏனையவை ஒவ்வொன்றும் 1,500 பக்கங்களுக்கு 1,500 ரூபாய் எனில், பக்கச் செலவு 0.60 + 1 + 1 + 1 = 3.60 ரூபாய். ஒரு பக்கத்துக்கு 7.65 ரூபாய் மிச்சமாகிறது.

மாற்று டோனரால் ஃபியூசர் பழுதாகி 15,000 ரூபாய் செலவாகும் எனக் கொண்டால், அதனை ஈடுகட்ட ஏறத்தாழ 1,960 பக்கங்கள் அச்சிட வேண்டும். மாதம் 200 பக்கங்கள் அச்சிடும் அலுவலகம் பத்து மாதங்களில் இதனை மீட்டுவிடும். மாதம் 20 பக்கங்கள் மட்டும் அச்சிடும் வீட்டுக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே, செலவைக் குறைக்க விரும்பிக் குறைவாக அச்சிடுவோரைவிட, மிகுதியாக அச்சிடுவோருக்கே மாற்று டோனர் கூடுதல் பயன் தருகிறது. இம்முடிவு பொதுவான எண்ணத்துக்கு மாறானது என்பது குறிப்பிடத்தக்கது.

சில்லும் சட்டமும்

பல கார்ட்ரிட்ஜ்களில் சிப் எனப்படும் சிறு மின்னணுச் சில்லு உள்ளது. இது மீதமுள்ள தூளின் அளவைக் கணிக்கவும், கார்ட்ரிட்ஜ் மூல நிறுவனத்தினதா எனச் சரிபார்க்கவும் பயன்படுகிறது. அச்சுப்பொறியின் நிலைப்பொருள் புதுப்பிக்கப்பட்டபின், அதுவரை இயங்கிய மாற்று கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படாமல் போகவும் கூடும்.

அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் நிறுவனம், தன் சில்லை நகல் செய்ததாக ஸ்டேட்டிக் கன்ட்ரோல் நிறுவனத்தின் மீது 2002 இல் வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றம் விதித்த தடையை ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004 இல் நீக்கியது. 2017 மே 30 அன்று, இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் நிறுவனத்துக்கு எதிராக லெக்ஸ்மார்க் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பொருளை விற்றதுமே அதன் மீதான காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்றும், ஆகவே விற்ற கார்ட்ரிட்ஜை மீள்நிரப்புவதைக் காப்புரிமை கொண்டு தடுக்க இயலாது என்றும் அது கூறியது. மேலும் 1975 ஆம் ஆண்டின் மேக்னசன் மாஸ் சட்டப்படி, குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளை விலைகொடுத்து வாங்கினால்தான் உத்தரவாதம் செல்லும் என அங்கு பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. எனினும் மாற்று டோனரே பழுதுக்குக் காரணம் என மெய்ப்பிக்கப்பட்டால், அப்பழுதுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

தேர்வு

உரை, வரைபடம், உள் அலுவலக ஆவணங்கள் ஆகியவற்றுக்கு நல்ல மீளுருவாக்கிய டோனர் பெரும்பாலும் போதுமானது. ஒளிப்படங்கள், விளம்பரத் தாள்கள் போன்று நிறம் துல்லியமாக அமைய வேண்டியவற்றுக்கும், நெடுங்காலம் காக்க வேண்டிய நிற ஆவணங்களுக்கும் மூல டோனர் ஏற்றது. மாற்று டோனரைத் தேர்வோர் நான்கு நிறங்களையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவதும், தர எண்ணையும் திருப்பிக்கொடுக்கும் வசதியையும் பார்த்து வாங்குவதும் நன்று. உத்தரவாதக் காலம் முடியும்வரை மூல டோனரைப் பயன்படுத்துவோரும் உளர்.

பாதுகாப்பு

சிந்திய டோனரை வீட்டு வெற்றிடத் துடைப்பானால் உறிஞ்சக்கூடாது. நுண்துகள்கள் அதன் வடிகட்டியைக் கடந்து காற்றில் பரவும். ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். உடலிலோ ஆடையிலோ பட்டால் குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும். வெந்நீர் தூளை இளக்கி ஒட்டச்செய்யும். இந்தியாவின் 2011 ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள், அச்சுப்பொறிகளைக் கார்ட்ரிட்ஜ்களுடன் சேர்த்தே பட்டியலிட்டன. எனவே தீர்ந்த கார்ட்ரிட்ஜ்களைக் குப்பையில் இடாமல், மறுசுழற்சிக்கு ஒப்படைப்பதே முறையாகும்.