கொடுவா பெண்ணாகும் கதை

படப்பை மீன் கடைகளில் கொடுவாவுக்கு இப்போ ரெண்டு பேர். நமக்கு கொடுவா, ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்திருக்கிற வங்காளிகளுக்கு பெட்கி. கடலில் பிடிபடுகிற பத்துப் பதினைந்து கிலோ மீன் என்றால் இரு தரப்புக்குமே கண் விரியும். அவ்வளவு பெரிய கொடுவா அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். சில வருஷம் முன்னால் அதுவே ஆணாக இருந்திருக்கும்.

கொடுவா முதலில் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும். சில பருவங்கள் விந்து விட்டபின், உடம்பு பெருத்ததும், அதே உறுப்பு சினைப்பையாக மாறிவிடும். 1979இல் மூர் என்ற ஆய்வாளர் பப்புவா நியூ கினியில் பிடித்த மீன்களை அறுத்துப் பார்த்து இதை எழுதினார். அவ்வளவு காலம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு: வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே நடக்கும் மாற்றமும் சீக்கிரம் முடிந்துவிடும். (எல்லாப் பெண்ணும் முன்னாள் ஆண் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, சில நேராகவே பெண்ணாக வளர்வதாகவும் பதிவுகள் இருக்கின்றன.)

ஏன் மாறணும்? 1969இல் கிசெலின் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தது. உடம்பு பெருப்பதால் எந்தப் பாலுக்கு ஆதாயம் அதிகமோ, வயதான பிறகு அந்தப் பாலாக இருப்பதே லாபம். சின்ன ஆணிடமும் போதுமான விந்து இருக்கும். முட்டைக்கு வயிறு வேணுமே! பெரிய கொடுவாவின் வயிற்றில் முட்டை கோடியைத் தாண்டும்.

இதே கணக்கு தலைகீழாகவும் ஓடும். மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் ஒரு சின்ன மீன், ஒரு ஆணும் பல பெண்களுமாகக் கூட்டமாக வாழும். ஆண் செத்தால் பெரிய பெண் சில மணி நேரத்திலேயே ஆண் மாதிரி நடக்க ஆரம்பித்து, மூன்று வாரத்துக்குள் நிஜ ஆணாகிவிடுகிறது. ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளில் ராபர்ட்சன் பார்த்து 1972இல் எழுதியது இது. நம்ம கலவா மீனும் இந்தக் கட்சிதான்: முதலில் பெண், பிறகு ஆண்.

இது வெறும் வேடிக்கைச் செய்தி இல்லை என்பது முட்டுக்காட்டில் தெரியும். 1987இல் சென்னையில் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. படப்பையிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போய்விடலாம். கொடுவாக் குஞ்சு பொரிக்கணும் என்றால் பெண் வேண்டும். இளசுகளை வளர்த்தால் கிடைப்பது ஆண். ஆக, வருஷக்கணக்கில் தீனி போட்டுக் காத்திருக்கணும். தாய்லாந்துக்காரர்கள் 1970களிலேயே சாதித்ததை இங்கே 1997இல் செய்தார்கள்: பெரிய மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். கலவாவில் சிக்கல் நேர் எதிர். ஆண் கிடைக்காததால், பெண்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்து மாற்றினார்கள்.

பண்ணை ஒரு வழி கண்டுவிட்டது. கடலில்தான் பிரச்சினை. பெரிசாகப் பார்த்துப் பிடித்தால் வலையில் போவது பெண்களே. பொடிசைப் பிடித்தால் அது பெண்ணாகும் வயதுக்கே வராது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் பிடிக்கக்கூடாது, 120க்கு மேலானதையும் பிடிக்கக்கூடாது. மேல்வரம்பு வைத்ததுதான் புத்திசாலித்தனம் என்பேன். நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளை நிறுத்திவைக்கும். முகத்துவாரத்தில் சின்னப் படகுக்காரர் விரித்த வலையில் மாட்டும் பதினைந்து கிலோ பெண்ணுக்கு அதனால் பிரயோஜனமில்லை.