சக்கரமும் வெள்ளியும்

குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் வந்து அருவியாடிச் செல்வோருள் பலர், தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே கிடக்கும் சில மைல் தூரத்துக்குள் ஒரு காலத்தில் இரண்டு நாணயங்களின் எல்லை ஓடிற்று என்பதை அறியார். தென்காசியும் குற்றாலமும் ஆங்கில ஆட்சியின் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும், அதன்பின் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்துக்கும் உரியதாக இருந்து, 1956 நவம்பர் 1ஆம் தேதியன்றே சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. கிழக்கே ரூபாய், அணா, பை என்று கணக்கெழுதிய காலத்தில், மேற்கே பணம், சக்கரம், காசு என்று எழுதினார்கள். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் ரூபாய்.

ஆகவே சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆங்கில ரூபாய்க்கோ 28½ சக்கரம். அரைச் சக்கரந்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஆங்கில ரூபாய் நூறு கொண்டு சென்றவனுக்கு 2,850 சக்கரம், அதாவது 101 சர்க்கார் ரூபாயும் 22 சக்கரமும் கிடைத்தாக வேண்டும். இரண்டு ரூபாயும் ஒன்றே என்று எண்ணி ஏமாந்தவன் நூற்றுக்கு ஒன்றேமுக்கால் வீதம் இழந்தான். அந்த நஷ்டத்தைத் தரகு என்று எவரும் அவனிடம் கேட்டு வாங்கவில்லை. ஒரு தேசத்துச் சேமிப்பு மற்றொரு தேசத்துக்குச் செல்லும்போது, பெருஞ்செலவு வெளிப்படையான கூலியில் அன்று, மாற்று விகிதத்திலேயே மறைந்திருக்கும் என்பதற்கு இவ்வட்டாரத்தின் பிற்காலச் சரித்திரமும் சாட்சி கூறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, தென்காசியிலிருந்தும் அதற்கு வடக்கேயுள்ள கடையநல்லூரிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பலேறின. சிங்கப்பூரில் துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகாரில் அவர்கள் செறிந்து வாழ்ந்தார்கள். 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவுமளவுக்கு அச்சமூகம் அங்கே வேரூன்றியது. ஆயினும் மிச்சம் பிடித்த வெள்ளி, அதாவது அந்நாட்டு டாலர், ஊருக்கே வர வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவது ஒரு வழி, தபாலில் மணியார்டர் செய்வது மற்றொரு வழி, உண்டியல் மூன்றாவது.

உண்டியலில் பணம் கடல் கடப்பதேயில்லை. அங்கே வெள்ளியை வாங்கிக்கொண்டவர் இங்குள்ள தம் கூட்டாளிக்கு எழுதுவார். கூட்டாளி தம் கைவசமிருந்த ரூபாயை எடுத்து வீட்டில் கொடுப்பார். இருவர் கணக்கும் சரக்கு வியாபாரத்தாலோ, எதிர்த்திசையில் பணம் அனுப்ப விரும்புவோராலோ நேராகிவிடும். நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் தமிழ்நாட்டோடு பிணைத்ததும் இத்தகைய உண்டியல்களாலேயே. அம்மரபின் வழியில், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தோற்றுவித்த இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கு, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்றிடங்களில் ஒரே நாளில் கதவு திறந்தது.

எவ்வளவு சிக்கனமாக அனுப்பினாலும், விகிதத்தின் முன் அச்சிக்கனம் தோற்றதுண்டு. 1906இல் மலாயா வெள்ளிக்கு 28 ஆங்கிலப் பென்ஸ் என்று மதிப்பு நிர்ணயமாயிற்று. அப்போது ரூபாய்க்கு 16 பென்ஸ். எனவே 100 வெள்ளிக்கு 175 ரூபாய். முதல் உலகப் போரை ஒட்டி ஏறியும் இறங்கியும் அலைந்த ரூபாயை, இந்திய நாணயத்தை ஆராய்ந்த ஹில்டன் யங் கமிஷனின் யோசனையை ஏற்று, 1927இல் அரசாங்கம் 18 பென்ஸில் நிறுத்தியபோது, அதே 100 வெள்ளி ஏறத்தாழ 155½ ரூபாயாகச் சுருங்கிற்று. கமிஷனில் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் மாறுபட்ட கருத்தை எழுதிவைத்தும் பயனில்லை. எந்த உண்டியல்காரரும் கனவிலும் கேட்கத் துணியாத பத்தொன்பதரை ரூபாயை ஒரு சட்டம் சப்தமின்றி எடுத்துக்கொண்டது.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் எல்லா வழிகளும் அடைபட்டன. போர் முடிந்தபோது ஜப்பானிய நோட்டுகள் மதிப்பிழந்து வெறுங் காகிதமாயின. அந்நோட்டுகளில் சேர்த்த சேமிப்பும் உடன் அழிந்தது. சுதந்திரத்தை ஒட்டி வந்த 1947ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தால், அநுமதி பெறாத உண்டியல் குற்றமாயிற்று. ஆனால் அரசாங்க விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் இடைவெளி இருந்தவரையில், அந்த இடைவெளியே அதற்கு உணவாயிற்று.

இன்று, 2023 பிப்ரவரி 21ஆம் தேதி இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் என்னும் உடனடிப் பணப் பரிமாற்ற முறைகள் இணைக்கப்பட்டபின், கைப்பேசியிலிருந்தே சிறு தொகைகளைச் சில கணங்களில் அனுப்பலாம். 2030க்குள் அயல்நாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் செலவை நூற்றுக்கு மூன்றுக்கும் கீழாகக் குறைக்க வேண்டுமென்பது ஐக்கிய நாடுகளின் குறிக்கோள்; அதைக் கணக்கிடும் உலக வங்கி, தரகோடு மாற்று விகிதத்தின் வித்தியாசத்தையும் கூட்டியே பார்க்கிறது. தரகு இல்லை என்னும் விளம்பரத்தில் மயங்காது, இத்தனை வெள்ளிக்கு வீட்டில் எத்தனை ரூபாய் சேரும் என்று கேட்பவனுக்கே உண்மையான செலவு புலப்படும்.