வியன்னா வட்டமும் ஒரு கொலையும்

மெய்யியல் படித்த யாரிடமும் வியன்னா வட்டம் பற்றிக் கேட்டால் ஒரு வரி சொல்லுவினம்: "சரிபார்க்க முடியாத கூற்றுக்கு அர்த்தம் இல்லை எண்டு சொன்ன ஆக்கள்." பரீட்சைக்கு அது காணும். நானும் அதைப் பாடமாக்கித்தான் எழுதினேன். அதைச் சொன்ன ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு பிறகு தேடி வாசிச்சபோதுதான், அந்த வரியை நான் விளங்காமலே எழுதியிருக்கிறேன் எண்டு தெரிஞ்சுது.

1922 இல் மொரிட்ஸ் ஷ்லிக் வியன்னா பல்கலைக்கழகத்துக்கு மெய்யியல் பேராசிரியராக வந்தார். பேர்லினில் பிறந்தவர், மாக்ஸ் பிளாங்கிடம் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சில ஆண்டுகளில் அவரைச் சுற்றி வியாழன் மாலைக் கூட்டமொன்று உருவானது. கணிதவியலாளர் ஹான்ஸ் ஹான், சமூகவியலாளர் ஒட்டோ நொய்ராத், பின்னர் ருடோல்ஃப் கார்னப் ஆகியோர் வந்தார்கள். அதிகம் பேசாத இளைஞராகக் குர்ட் கோடலும் இருந்தார். விட்கென்ஸ்டைனின் முதல் நூலை வாக்கியம் வாக்கியமாக வாசித்து விவாதித்தார்கள்.

ஃபிரேகவும் ரஸலும் உருவாக்கிய புதிய அளவையியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. "வெளியில மழை பெய்யுது" எண்டால் யன்னலைத் திறந்து பார்க்கலாம். ஆனால் "இனத்தின் ஆன்மா விழித்துவிட்டது" எண்டால்? எதைப் பார்த்தால் அது சரி, எதைப் பார்த்தால் பிழை? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வாக்கியம் எதைத்தான் சொல்கிறது?

கார்னப் 1932 அளவில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 'இன்மை' பற்றி ஹைடகர் எழுதியவற்றை இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். "பெட்டிக்குள் ஒன்றும் இல்லை" என்பதில் வரும் 'ஒன்றும் இல்லை' ஒரு பொருளின் பெயர் அல்ல. அதைப் பெயராக்கி "இன்மை என்ன செய்கிறது?" என்று கேட்டால், இலக்கணம் சரி, அளவையியல் பிழை.

இது வகுப்பறை விளையாட்டு மட்டும் இல்லை. நொய்ராத் 1925 இல் தொடங்கிய அருங்காட்சியகம், புள்ளிவிபரங்களைச் சாதாரண தொழிலாளிக்கும் விளங்கும் படங்களாக மாற்றியது. தெளிவாகச் சொல்லப்படுவதை யாரும் கேள்வி கேட்கலாம். அதிகாரத்துக்கு அது வசதியான விசயம் இல்லைத்தானே. 1934 பெப்ரவரி உள்நாட்டு மோதலில் சமூக ஜனநாயகவாதிகள் தோற்கடிக்கப்பட்டதும், வட்டத்தின் பொது அமைப்பான ஏர்ன்ஸ்ட் மாக் சங்கம் கலைக்கப்பட்டது. நொய்ராத் வியன்னா திரும்பாமல் ஹேக் நகருக்குப் போனார். அதே ஆண்டு ஹான் இறந்தார். 1935 முடிவில் கார்னப் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஷ்லிக் வியன்னாவிலேயே இருந்தார்.

1936 யூன் 22 காலை. விரிவுரைக்குப் போய்க்கொண்டிருந்த ஷ்லிக்கை, பல்கலைக்கழக மாடிப்படியில் வைத்து அவரிடம் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜொஹான் நெல்பொக் சுட்டுக் கொன்றார். நெல்பொக் முன்பும் அவரை மிரட்டியவர், மனநல சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர். கொலைக்குப் பின்னால் தனிப்பட்ட கோபம் நிறைய இருந்தது.

ஆனால் சில பத்திரிகைகளுக்கு அது போதவில்லை. ஷ்லிக்கின் மெய்யியல் இளைஞர்களின் ஆன்மாவைக் கெடுத்தது, கொலையாளிதான் உண்மையில் பலியானவர் என்ற பாணியில் எழுதினார்கள். வட்டத்தில் யூதப் பின்னணி கொண்டவர்கள் இருந்ததால், ஷ்லிக்கையும் யூதராக்கினார்கள். அவர் யூதர் இல்லை. நெல்பொக்குக்கு 1937 இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1938 இல் நாட்சிகள் ஒஸ்ரியாவைக் கைப்பற்றினார்கள். அந்த ஆண்டே அவர் வெளியில் வந்துவிட்டார்.

இதில்தான் நான் கனநேரம் நிண்டேன். "ஷ்லிக் யூதர்" என்பது சரிபார்க்கக்கூடிய கூற்று. வட்டத்தின் அளவுகோலின்படி அதற்கு அர்த்தம் உண்டு, ஆனால் பொய். சரி, பொய் எண்டு காட்டியாச்சு. அதோட முடிஞ்சுதா? "இல்லை, அவர் யூதர் அல்ல" என்று மறுப்பதோடு நின்றால், யூதராக இருந்திருந்தால் பரவாயில்லை என்ற சொல்லப்படாத வாக்கியம் அப்படியே கிடக்கும். கூற்றைச் சரிபார்க்கலாம், கூற்று செய்கிற வேலையை யார் சரிபார்ப்பது? சொற்களால் நாங்கள் என்ன செய்கிறோம் என்ற அந்தக் கேள்வியைப் பிந்திய விட்கென்ஸ்டைனும் ஒஸ்டினும் வேறு வழிகளில் எடுத்தார்கள்.

சரிபார்ப்புக் கோட்பாட்டையே சரிபார்க்க முடியாது என்ற விமர்சனமும் எங்களுக்குப் பாடம்தான். அது நியாயமான விமர்சனம். கோட்பாடு தோற்றிருக்கலாம். ஆனால் "நீங்கள் சொல்லுறது என்ன? அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்ற கேள்வி தோற்கவில்லை. ஷ்லிக் விழுந்த அந்தப் படியில் இன்று ஒரு நினைவு வாசகம் பதிக்கப்பட்டிருக்கிறது. மாணவர்கள் அதைக் கடந்துதான் விரிவுரைகளுக்குப் போகினம்.