கொட்டை வைத்தவர்களும் எடுத்தவர்களும்

எழுமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் தாக்கம்’ என்று ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி, தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் என்னிடம் பார்க்கக் கொடுத்தாள். உழைத்துத்தான் செய்திருக்கிறாள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து 2017இல் திரட்டிய குழு, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி, கானாவும் ராப்பும் ராக்கும், 19 பேரில் ஒரே பெண்ணாக இசைவாணி, எல்லாம் இருக்கிறது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து குழுவின் பெயர் பிறந்ததையும் விடவில்லை. ஆனால் ‘சாதி’ வருகிற இடமெல்லாம் யாரோ பென்சிலால் சுழித்து மேலே ‘சமூகம்’ என்று திருத்தியிருந்தார்கள். சாதியற்றோர் குழுவைப் பற்றிய ஆய்வில் சாதி என்ற சொல்லே இல்லாமல் செய்துவிடுகிற இந்தச் சாமர்த்தியம் தனியொருவருடையது அல்ல. நம் கல்வி அமைப்பின் பழக்கம் அது.

எனக்குச் சிக்கல் ‘தாக்கம்’ என்ற சொல்லில்தான். தாக்கம் என்றதுமே வரலாறு சென்னையில் கிளம்பி எழுமலைக்கு வந்து சேர்கிற ஒன்றாகிவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கொட்டு இசைக்கருவியாக இருந்ததைவிட ஊழியமாக இருந்ததே அதிகம். எழவு சொல்லவும், பாடைக்கு முன்னால் அடிக்கவும், திருவிழாவில் ஒதுங்கி நின்று அடிக்கவும் குடும்பம் குடும்பமாக விதிக்கப்பட்ட வேலை. மாட்டேன் என்று சொல்ல வழியில்லாத வேலை. ஆகவே விடுதலையின் முதல் செயல் அடிப்பதல்ல, அடிக்க மறுப்பது. தீண்டாமை பற்றி 1969இல் அறிக்கை தந்த மத்தியக் குழுவின் தலைவர் எல். இளையபெருமாள், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பறையடிக்கும் ஊழியத்தைக் கைவிடச் சொல்லி இயக்கம் நடத்தியவர்.

மாணவியின் தாத்தாவும் அப்படி விட்டவர்தானாம். “கொட்டக் கீழ வைக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்ப அதையே மேடையில ஏத்தி அடிக்கிறாகளாக்கும்” என்று சிரித்திருக்கிறார். ஆய்வின் ஆகப் பெரிய விமர்சனமான இந்தச் சிரிப்பு, பின்னிணைப்பில் கிடக்கிறது.

1990களின் தலித் கலை இலக்கிய விவாதங்களில் இது சூடான கேள்வி: பறையை உதறுவதா, ஏந்துவதா? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பறையைத் தலித் பெண்களின் கையில் கொடுத்தது. ஊழியமாகக் கொட்டடிக்கப் பணிக்கப்பட்டவர்கள் ஆண்கள் என்பதால், பெண்கள் எடுத்தபோது அது பழைய வேலைக்குத் திரும்புவதாக இல்லை. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இந்த விவாதத்தில் ஒரு தரப்பின் வாரிசு, தொடக்கம் அல்ல.

உதறுவதும் ஏந்துவதும் ஒன்றுதான் என்று சமாதானம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேடையில் அடிப்பவர் வேண்டாமென்றால் இறக்கி வைத்துவிடலாம். அந்தச் சுதந்திரம் வைத்தவர்கள் சம்பாதித்துத் தந்தது.

மாணவி தாக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவது, குழுவில் இருந்த அறிவு எழுதிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் எல்லாத் தெருச் செல்போன்களிலும் ஒலித்ததை. வாஸ்தவம்தான். எழுமலைக்குப் பக்கத்து உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை உடைக்க 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே அந்தப் பாட்டு மேடையேறியது. தாக்கத்தை அளப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எழவு விழுந்தால் கொட்டுக்குச் சொல்லிவிட இந்தப் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவுக்கு ஆள் போகிறது என்பதை ஒரு மாணவி நோட்டுப் போட்டு எழுதினால் அந்த விருதுக்குப் பக்கத்திலேயே வைத்து அதையும் வாசிப்பேன்.