பிரதர் போன பிறகு பாடம் யார் எடுப்பது?



இயேசு தம் சீடர்களைக் கற்று முடித்த பிறகு அனுப்பவில்லை. கற்றுக்கொண்டிருக்கும்போதே இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்பினார். அவர்களும் திரும்பி வந்து, தாங்கள் செய்ததையும் கற்பித்ததையும் அவரிடம் தெரிவித்தார்கள் (மாற் 6). இறையியல் மாணவர்களின் களப்பணிக்கு இதுவே அடிப்படை.

குருமாணவர்கள் படிக்கும் காலத்திலும் விடுமுறையிலும் மேய்ப்புப்பணியில் பழக வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பணித்தது. மனிதப் பயிற்சி, ஆன்மீகப் பயிற்சி, அறிவுப் பயிற்சி ஆகியவற்றோடு மேய்ப்புப்பணிப் பயிற்சியும் தேவை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-இல் வலியுறுத்தினார். மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், மாணவர்கள் ஓராண்டு வளாகத்துக்கு வெளியே ஏழை மக்களிடையே தங்கிப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆகவே, குருமாணவர் நம் பங்கில் மறைக்கல்வி எடுப்பதும், பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருவதும் ஓய்வுநேரச் சேவை அல்ல. அவருக்கும் அது பாடமே.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. நான் இறையியல் மாணவனாக இருந்தபோது, ஓராண்டு மாலை வகுப்பு எடுத்தேன். கடைசி நாளன்று ஒரு சிறுவன், “அடுத்த வாரம் யாருங்க பிரதர் வருவாங்க?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்த வகுப்பு அன்றோடு நின்றது.

1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் மரியோன் பிரெசிலாக் ஆண்டகை. இம்மண்ணின் மைந்தர்களே இங்கு குருக்களாக வேண்டும் என்பது அவருடைய தீராத ஆவல். பத்தாண்டுக்குள் அவர் இங்கிருந்து சென்றுவிட்டார். வெளியிலிருந்து வருபவர் என்றாவது போய்விடுவார். பணியைத் தொடர உள்ளூரில் ஆள் வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகளிலும், வால்பாறை எஸ்டேட் லயன்களிலும் மாலையில் பாடம் சொல்லித் தர ஆள் தேவை. எனவே, பங்குப் பேரவையும் அன்பியங்களும் இவற்றைச் செய்யலாம்:

• குருமாணவர் வரும் முதல் நாளிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் கல்லூரி செல்லும் இளைஞர் ஒருவரையும் அவரோடு சேர்த்துவிடுங்கள்.

• ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

• எந்த மதத்துப் பிள்ளையும் வரட்டும். டியூஷன் நேரத்தில் பள்ளிப் பாடம் மட்டும் நடக்கட்டும்.

• வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும்; கதவு திறந்திருக்கட்டும்.

பிரதர் ஒரு நாள் புறப்பட்டுப் போவார். அன்று ஒரு பிள்ளை, “அடுத்த வாரம் யாருங்க வருவாங்க?” என்று கேட்டால், “நான் வர்றேன் கண்ணு” என்று சொல்ல நம் பங்கில் ஒருவர் இருக்கிறாரா?